பின்னங்களின் வழியே ஒரு பெருவாழ்வு
(கணித மேதை இராமானுசன்)

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குரிய இரு கண்களாகக் கொண்டு போற்றியது தமிழ் மரபு. எழுத்தைப் பற்றிப் பேசத் தமிழ்த்துறை மலர்களில் ஆண்டுதோறும் பலர் முன்வருவர். எண்ணைப் பற்றி எழுத முன்வருவோர் மிகச் சிலரே. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி மறுகண்ணை மறந்துவிடுவது முறையன்று. ஆகவே, எண்ணையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவர் பெயர் உலகறிந்தது. எனினும், நாம் வாழும் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அவருக்கும் உள்ள உறவு, நம்முள் பலர் முழுதும் அறியாத ஒன்று.

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் வளைந்தோடும் காவிரி. இவற்றுக்கு இடைப்பட்டது நம் சமவெளி. இதன் நடுவே, ஊருக்குக் காவல் நிற்பது போல ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்பது நாமக்கல் மலைக்கோட்டை. அதன் அடிவாரத்தில் பாறையைக் குடைந்தெடுத்த நரசிம்மர் கோயிலும், நாமகிரித் தாயார் சன்னிதியும் உள்ளன. 1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இன்று இவ்வூரை முட்டைக்காகவும் லாரிக்காகவும் அறிவோர் மிகுதி. கணித உலகமோ இவ்வூரை இராமானுசன் என்னும் பெயரோடு சேர்த்தே அறியும்.

பின்னமும் ஒருபடிச் சமன்பாடும்

அவர் வாழ்வுக்குள் புகுமுன், அவர் கைவண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சிறிது காண்போம். அது நம் பள்ளி மாணவர் அஞ்சும் ஓரிடத்தில் இருக்கிறது. பின்னங்கள் கலந்த சமன்பாடே அவ்விடம்.

ஒரு கிடங்கிலிருந்த முட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு சேலத்துக்குச் சென்றது. நான்கில் ஒரு பங்கு கரூருக்குச் சென்றது. 1,000 முட்டைகள் எஞ்சின. முதலில் இருந்தவை எத்தனை? இது ஒருபடிச் சமன்பாடு. மூன்றையும் நான்கையும் ஒருங்கே தாங்கும் சிற்றெண் 12. சமன்பாட்டின் இருபுறத்தையும் 12 ஆல் பெருக்கினால் பின்னங்கள் யாவும் மறைந்துவிடும். பன்னிரண்டு பங்கிலிருந்து நான்கு பங்கும் மூன்று பங்கும் நீங்க, எஞ்சிய ஐந்து பங்கு 12,000 ஆகிறது. எனவே ஒரு பங்கு, அதாவது முதலில் இருந்த முட்டை, 2,400. சரிபார்ப்போம்: 800 சென்றது, 600 சென்றது, எஞ்சியது 1,000.

மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஓர் எண்ணின் பாதியோடு 3 சேர்த்தால், அதே எண்ணின் மூன்றிலொரு பங்கோடு 5 சேர்த்த அளவு வருகிறது என்க. இருபுறத்தையும் 6 ஆல் பெருக்க வேண்டும். பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு, தனியே நிற்கும் 3ஐயும் 5ஐயும் அப்படியே விட்டுவிடுவோர் பலர். அவர்க்கு விடை 2 என வரும், அது பொருந்தாது. எல்லா உறுப்பையும் பெருக்கினால், எண்ணின் மும்மடங்கோடு 18 சேர்ந்தது, இருமடங்கோடு 30 சேர்ந்ததற்குச் சமமாகும், விடை 12. தராசின் இரு தட்டிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கினால்தான் தராசு நடுநிலை பிறழாது. இந்த நடுநிலையே சமன்பாட்டின் அறம் எனலாம்.

இவ்வறத்தை ஒரு தனிக்கலையாக்கி உலகுக்கு வழங்கியவர், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் கலீபா மஃமூன் ஆதரவில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மி. அவர் நூற்பெயரில் உள்ள அல்-ஜப்ர் என்னும் சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று. குறைந்ததை நிறைவாக்கல் என்பது அதன் பொருள். அந்நூலின் பெரும்பகுதி, இறந்தவரின் உடைமையை மனைவிக்கும் மக்களுக்கும் பிறர்க்கும் முறைப்படி பங்கிடும் கணக்குகளைக் கொண்டது. அவையெல்லாம் பின்னங்கள் நிறைந்த ஒருபடிச் சமன்பாடுகளே. பங்கு பிறழ்ந்தால் ஓர் அநாதைப் பிள்ளையின் உரிமை பறிபோகும் என்பதனால், அக்கணக்கில் நுண்மை வேண்டப்பட்டது.

நம் தமிழ்நாட்டிலும் பின்னம் அயலன்று. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனக் குறைந்து கொண்டே செல்லும் அளவுகளுக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயரிட்டனர். மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை எண்சுவடி வாயிலாக மனப்பாடம் செய்தனர். இத்தகைய மண்ணில்தான் பின்னங்களோடு விளையாடும் ஒரு பிள்ளை பிறந்தது.

காவிரிக்கரையில் ஒரு பிறப்பு

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு. மறுகரையில் இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். அந்த ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இராமானுசன் பிறந்தார். தாயார் கோமளத்தம்மாள். தந்தையார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். மகளுக்குப் பிள்ளைப்பேறு வேண்டிப் பாட்டியார் அரங்கம்மாள் நாமகிரித் தாயாரை வழிபட்டார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவந்த செய்தி. இவ்வாறு பிறப்புக்கு முன்பே நாமக்கல் அவர் வாழ்வில் இடம் பெற்றுவிட்டது.

இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். 1897ஆம் ஆண்டுத் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் அவ்வாறுதானா என்று அச்சிறுவர் வினவினார் என்பர். பின்னத்தின் பகுதியில் சுழியம் வந்தால் யாது நிகழும் என்னும் வினா, பெரியோரையும் தடுமாறச் செய்வது.

நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கணக்கைக் கொடுத்து அவரை ஆழம் பார்த்தார். இரண்டு எண்கள், முதலெண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவதைக் கூட்டினால் 7, முதலெண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. முறைப்படி தீர்க்கப் புகுந்தால் நான்காம் படிவரை நீளும் கணக்கு அது. இராமானுசன் நொடிப்பொழுதில் 9, 4 என விடை கூறினார். மூன்றும் நான்கும் ஏழு. ஒன்பதும் இரண்டும் பதினொன்று.

1903ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை நிறுவல் விளக்கமின்றி வரிசையாக அடுக்கிய நூல் அது. மற்றவர்க்குத் தேர்வுக் கையேடாக இருந்த அந்நூல் இராமானுசனுக்கு ஒரு பெருங்காட்டின் வாயில் ஆயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவினார். நிறுவும்போது புதியன கண்டார். கண்டவற்றைக் குறிப்பேடுகளில் எழுதலானார்.

தோல்வியும் வறுமையும்

பள்ளியிறுதியில் கணிதப் பரிசு பெற்று, 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியமையால் ஏனைய பாடங்களில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905ஆம் ஆண்டில் ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1907ஆம் ஆண்டிலும் தோல்வியே. பட்டம் என்னும் படிக்கட்டு அவருக்கு அத்துடன் இடிந்து போயிற்று.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். அந்நாளையத் தேர்வுமுறை அவரைக் கண்டுகொள்ளவில்லை என்று குறைகூறல் எளிது. எனினும் அம்முறை தீய நோக்கத்தோடு வகுக்கப்பட்டதன்று. எல்லாப் பாடத்திலும் ஓரளவேனும் தேர்ந்தவரைத் தேடிய சல்லடை அது. ஒன்றில் மட்டும் மலையளவு உயர்ந்தவரைப் பிடித்து நிறுத்தும் கண் அதற்கு இல்லை. இன்றும் நம் வகுப்பறைகளில் ஒரு பாடத்தில் மிளிர்ந்து மற்றொன்றில் மங்கும் மாணவர் உண்டு. அவரை மதிப்பெண் பட்டியலின் கூட்டுத்தொகை கொண்டே அளந்துவிடலாகாது என்பதற்கு இவ்வாழ்வே சான்று.

1909ஆம் ஆண்டில் சானகியம்மையாரை மணந்தார். பொருளீட்ட வேண்டிய கடமை வந்தது. குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடித் திரிந்தார். தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் குறித்தார். 1910ஆம் ஆண்டில் திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி அய்யரைக் கண்டு ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அப்பெருந்தகை, இவரைச் சிற்றலுவலில் அமிழ்த்திவிட விரும்பாமல் சென்னைக்கு அனுப்பி வைத்தார். நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் அளித்து அவரைத் தாங்கினார். அறிவை அறிவு அடையாளம் கண்ட நிகழ்ச்சிகள் இவை.

எழுத்தர் எழுதிய கட்டுரை

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவ்வாண்டிலேயே இந்தியக் கணிதக் கழக இதழில் ஒருங்கமைச் சமன்பாடுகள் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவருடைய பெரும்புகழ்க் கண்டுபிடிப்புகளின் வரிசையில் அது பேசப்படுவதில்லை. ஆயினும் பின்னமும் சமன்பாடும் கைகோக்கும் அழகை அதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. ஓர் எளிய எடுத்துக்காட்டால் அதன் உள்ளீட்டை விளக்குவோம்.

இரண்டு குவியல்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தனக்கே உரிய ஒரு மடங்கில் வளர்கிறது. குவியல்களின் அளவும் தெரியாது. வளரும் மடங்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்த மொத்தம் மட்டும் தெரியும்: முதலாண்டு 5, அடுத்து 8, அடுத்து 14, அடுத்து 26. தெரியாதவை நான்கு, செய்திகளும் நான்கு. நேரே தீர்க்கப் புகுந்தால், தெரியாத எண்கள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு சிக்கலாகும்.

இராமானுசன் கண்ட வழி வேறு. மொத்தங்களையெல்லாம் ஒரு முடிவிலித் தொடரின் உறுப்புகளாகக் கோத்து, அத்தொடர் முழுவதையும் ஒரே பின்னமாகச் சுருக்கினார். அப்பின்னத்தின் பகுதியைக் காண்பதற்கு வேண்டுவன ஒருபடிச் சமன்பாடுகளே. நம் எடுத்துக்காட்டில், மூன்றாம் மொத்தம் 14 என்பது 8இன் ஒரு மடங்கும் 5இன் ஒரு மடங்கும் சேர்ந்தது. நான்காம் மொத்தம் 26 என்பது, அதே மடங்குகளில், 14உம் 8உம் சேர்ந்தது. இவ்விரு சமன்பாடுகளைத் தீர்த்தால், முன்னதற்கு மூன்று மடங்கு கூட்டலும் அதற்கு முன்னதற்கு இரண்டு மடங்கு கழித்தலும் என வரும். 24இலிருந்து 10 போக 14. 42இலிருந்து 16 போக 26. பொருந்துகிறது. மூன்றும் இரண்டும் கிடைத்தவுடன் பின்னத்தின் பகுதி கிடைத்துவிடும். அதனை இரு காரணிகளாகப் பிளந்தால் வளரும் மடங்குகள் 1, 2 என வெளிப்படும். பெரும்பின்னத்தை இரண்டு சிறு பின்னங்களாகப் பிரித்தால் குவியல்கள் 2, 3 என விடை வரும். இரண்டு அப்படியே நிற்கிறது. மூன்று இருமடங்காகிக்கொண்டே செல்கிறது. 2உம் 3உம் 5; 2உம் 6உம் 8; 2உம் 12உம் 14; 2உம் 24உம் 26.

நாம் நான்கு எண்களோடு நின்றோம். இராமானுசன் தம் கட்டுரையில் பத்துத் தெரியாத எண்களைப் பத்துச் சமன்பாடுகளில் வைத்துத் தீர்த்துக் காட்டினார். மொத்தங்கள் 2, 3, 16, 31, 103 எனத் தொடங்கி 11,595 வரை சென்றன. விடைகளில் ஒன்று ஐந்தில் மூன்று என்னும் பின்னம், குறைக்குறியோடு வந்தது. மற்றவற்றுள் எட்டில் ஐந்தின் வர்க்கமூலம் புகுந்து நின்றது. கண்டு அஞ்சத்தக்க ஒரு சிக்கலைப் பின்னம் என்னும் பாத்திரத்தில் இட்டு, ஒருபடிச் சமன்பாடு என்னும் எளிய கருவியால் கடைந்தெடுத்தார். பின்னத்தைத் தொலைத்தால்தான் கணக்கு எளிதாகும் என்று பள்ளியில் கற்கின்றோம். பின்னத்தை வரவழைத்தால் கணக்கு எளிதாகும் இடமும் உண்டு என்று அவர் காட்டினார்.

நாமக்கல்லில் எடுத்த முடிவு

1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாளிட்டு, கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். வேறு இரு பேராசிரியர்கள் பொருட்படுத்தாத எழுத்தரை ஆர்டி பொருட்படுத்தினார். மடலில் இருந்த தொடர்பின்ன முடிவுகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. ஒரு பின்னத்தின் பகுதியில் மற்றொரு பின்னம், அதன் பகுதியில் மேலும் ஒரு பின்னம் என முடிவின்றி இறங்குவது தொடர்பின்னம். அவற்றின் மதிப்பை இராமானுசன் எழுதியிருந்தது போல் தாம் முன்னர்க் கண்டதே இல்லை என்று ஆர்டி பின்னாளில் எழுதினார். பிறரை ஏமாற்ற விரும்பும் ஒருவன் இவற்றைப் புனைந்திருக்க இயலாது என்றும் அவர் முடிவு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை வழங்கியது.

கேம்பிரிட்சு அழைத்தது. ஆனால் கடல்கடத்தல் அவர் குடும்ப ஆசாரத்துக்கு மாறு. உறவினர் ஒதுக்குவர் என்னும் அச்சம் மெய்யானது. அன்னையார் இசையவில்லை. ஒருபுறம் வாழ்நாள் முழுதும் தேடிய வாயில். மறுபுறம் பெற்றவளின் மனம். இரு தட்டும் கனத்து நின்ற தராசு அது.

இந்நிலையில்தான் நாமக்கல் மீண்டும் அவர் வாழ்வில் வருகிறது. 1913ஆம் ஆண்டின் இறுதியையொட்டி, துறைமுகக் கழகத்தில் தம் மேலதிகாரியாகவும் கணித நண்பராகவும் விளங்கிய நாராயண அய்யருடன் நாமக்கல் சென்று, கோயிலில் மூன்று இரவுகள் தங்கினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். மகன் வெள்ளையரிடையே வீற்றிருக்கக் கண்டதாகவும், தடைநில்லாதே என நாமகிரித் தாயார் பணித்ததாகவும் அன்னையார் ஒரு கனவு கண்டார் என்பது மற்றொரு செய்தி. எவ்வாறாயினும் தடை நீங்கிற்று. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுசன் சென்னையிலிருந்து புறப்பட்டார். நம் சமவெளியின் ஒரு பாறையடியில் எடுக்கப்பட்ட முடிவு, உலகக் கணிதத்தின் போக்கிலே ஒரு திருப்பமாயிற்று.

தெருவில் ஒரு வீடு

கேம்பிரிட்சில் நிகழ்ந்த ஒன்று பின்னத்தின் பெருமையைப் பேசுவது. 1914ஆம் ஆண்டு திசம்பரில் ஆங்கில இதழொன்றில் ஒரு புதிர் வெளியாயிற்று. ஒரு தெருவில் வீடுகள் ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது? வங்கத்து இளைஞர் மகலனோபிசு அதனை இராமானுசனிடம் படித்துக் காட்டினார். அடுப்பின்முன் நின்று காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த அவர், எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர்பின்னத்தை உரைத்தார்.

அத்தொடர்பின்னம் இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்குவது. அதன் படிகள் 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408 என வளர்கின்றன. 17/12இல் தொகுதியிலிருந்து ஒன்று குறைத்துப் பாதியாக்கினால் 8. பகுதியைப் பாதியாக்கினால் 6. எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீடு. ஒன்று முதல் ஐந்துவரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. அவ்வாறே 99/70இல் 49 வீட்டுத் தெருவும் 35ஆம் வீடும் கிடைக்கும். 577/408இல் 288 வீட்டுத் தெருவும் 204ஆம் வீடும் கிடைக்கும். இதழ் கேட்ட விடை 204. கேட்டது ஒரு தெருவுக்கு. இராமானுசன் தந்தது எல்லாத் தெருவுக்கும் உரிய விடை. ஒரு சிக்கலைத் தனித்துப் பார்க்காமல் அது பிறந்த குடும்பம் முழுவதையும் பார்ப்பதே அவர் இயல்பு.

இறுதி நாள்கள்

1916ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். இருமுறை தேர்வில் தோற்றவரைத் தேடிப் பட்டம் வந்தது. 1918ஆம் ஆண்டில் இராயல் கழக உறுப்பினரானார். அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினருமானார். ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டற் பகுதிகளாகப் பிரிக்கலாம் என்னும் வினாவுக்கு ஆர்டியோடு சேர்ந்து கண்ட வழி இன்றும் போற்றப்படுகிறது. மருத்துவமனையில் தம்மைக் காணவந்த ஆர்டியின் வாடகை வண்டி எண் 1729 என்றறிந்ததும், இரு முப்படிகளின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அதுவே என்றார். ஒன்றின் முப்படியும் பன்னிரண்டின் முப்படியும் ஒரு வகை. ஒன்பதின் முப்படியும் பத்தின் முப்படியும் மறுவகை.

போர்க்காலம், கடுங்குளிர், புலால் உண்ணா நோன்புக்கேற்ற உணவின்மை, தனிமை. 1917ஆம் ஆண்டில் நோயுற்றார். 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். நோய் தணியும் என்று கருதிக் காவிரிக்கரைக் கொடுமுடியில் சில திங்கள் தங்கினார். பிறந்த ஊரின் ஆற்றையே மீண்டும் நாடி வந்தது போன்றிருந்தது அத்தங்கல். பின்னர்க் கும்பகோணத்திலும் சென்னையிலும் தங்கினார். 1920ஆம் ஆண்டு சனவரியில் ஆர்டிக்கு இறுதி மடல் எழுதி, போலித் தீட்டா சார்புகள் என்னும் புதுவகையை அறிவித்தார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார். அந்நாளைய மருத்துவர் எலும்புருக்கி நோய் எனக் கருதினர். குடலில் தொடங்கிக் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கக்கூடும் என்று 1994ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஆய்வாளர் எழுதினார். அந்நோய் அக்காலத்திலேயே தீர்க்கத்தக்கது என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்சில் கிடந்து, 1976ஆம் ஆண்டில் ஆண்டிரூசு என்னும் அமெரிக்கக் கணித அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்தநாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் கொள்ளத்தக்கவை

இராமானுசனின் முடிவுகள் யாவும் நாமகிரித் தாயார் கனவில் அருளியவை என்று கூறி நிறுத்திவிடுவோர் உளர். தம் நம்பிக்கையை அவரே மறைத்ததில்லை. அந்நம்பிக்கையை மதிப்பது எச்சமயத்தார்க்கும் கடன். ஆனால், கற்பலகையை ஆயிரம் முறை துடைத்த முழங்கையை மறந்துவிட்டுக் கனவை மட்டும் பேசுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது. அவர் எழுதியவற்றுள் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் பொருந்தாதன எனப் பின்னர்த் தெரிந்தது. அதனால் அவர் பெருமை குன்றவில்லை. தேடுபவரே இடறுவர், அமர்ந்திருப்போர் இடறுவதில்லை. வழிபாடு அவருக்கு உரம் தந்தது. உழைப்பு விளைவு தந்தது என்பதே நாம் துணியத்தக்கது.

இரண்டாவதாக, அவரைக் காத்தவர்களை எண்ணிப் பார்ப்போம். திருக்கோவலூர்த் துணை ஆட்சியரும், நெல்லூர் ஆட்சியரும், துறைமுகக் கழகத்து நாராயண அய்யரும், கடல்கடந்த ஆர்டியும் தத்தம் பங்கை இட்டனர். ஒருவர் பங்கு சிறிது, ஒருவர் பங்கு பெரிது. எல்லாப் பின்னமும் சேர்ந்து முழுமையாயிற்று. ஒரு பங்கு குறைந்திருந்தாலும் முப்பது ரூபாய் எழுத்தராகவே அவர் வாழ்வு முடிந்திருக்கக் கூடும்.

மூன்றாவதாக, நம் சமவெளிப் பள்ளிகளை நினைப்போம். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் பிள்ளைகள் இங்கு மிகுதி. தறிக்கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் பெற்றோர் ஈட்டும் பொருளால் அவர்கள் பயில்கின்றனர். அவர்களுட் பலர் கணிதத்தை வெறுத்து ஒதுங்கும் இடம், பின்னம் கலந்த சமன்பாடே. அவ்விடத்தில் ஓர் ஆசிரியர் பொறுமையோடு நின்று, தராசின் இருதட்டையும் ஒப்பப் பெருக்கக் காட்டினால், ஒரு பிள்ளையின் வழி திறக்கும். காட்டாது விட்டால் ஒரு வழி அடைபடும். அடைபட்ட வழிகளுள் எத்தனை இராமானுசர்கள் நின்றுபோயினர் என்பதைக் கணக்கிட எந்தச் சமன்பாடும் இல்லை.

எனவே எழுத்தைப் போற்றும் நாம் எண்ணையும் போற்றுவோம். தாய்மொழியில் தெளிவாகச் சொல்லப்படும் கணக்கு எவர்க்கும் எட்டாக்கனியன்று. நாமக்கல் பாறையின் நிழலில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் பின்னத்தைக் கண்டு அஞ்சாது எதிர்நிற்கும் நாளை உருவாக்குவது நம் பங்கு. அப்பங்கை நாம் குறைவின்றிச் செலுத்துவோமாக.